எதுவரை வந்து நிற்கிறது? கிளம்ப மறுக்கும் மடிக்கணினியை வீட்டிலேயே சோதிக்கும் முறை

“மாமா, லேப்டாப் செத்துவிட்டது. நாளைக் காலை புராஜெக்ட் கொடுக்க வேண்டும்.”

இரவு பதினொன்றரை மணிக்கு அக்கா மகள் பாதி அழுகையும் பாதிக் கோபமுமாகப் பேசினாள். விளக்கு எரிகிறதா என்று கேட்டேன். எரிகிறது. விசிறிச் சத்தம்? கேட்கிறது. திரையில்? கறுப்பாக இருக்கிறது, மூலையில் ஏதோ ஒரு வரி. அந்த வரியைப் படிக்கச் சொன்னேன். ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்றாள். பக்கவாட்டில் என்ன செருகியிருக்கிறாய் என்றேன். தோழியிடம் வாங்கிய பென் டிரைவ். அதைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி அணைத்து, மறுபடி ஆன் செய்யச் சொன்னேன். ஒரு நிமிடத்தில் விண்டோஸ் வந்துவிட்டது.

அவளுடைய கணினி, விண்டோஸை உள்ளே இருக்கும் வட்டில் (கோப்புகளைச் சேமிக்கும் ஹார்டு டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி) தேடாமல் பென் டிரைவில் தேடியிருக்கிறது. அங்கே ஒன்றும் இல்லை என்றதும் கைவிரித்துவிட்டது. மறுநாள் ஏதாவது ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தால், ‘ஃபார்மட் செய்துவிடலாம்’ என்று யாராவது சொல்லியிருக்கக்கூடும். புராஜெக்டும் அதோடு போயிருக்கும்.

நான் கடை வைத்திருப்பவன் அல்ல. கணினி பார்க்கத் தெரிந்தவன் என்று சொந்தத்திலும் தெருவிலும் பெயர் வாங்கிவிட்டதால் இந்த வேலை பல ஆண்டுகளாக என் தலையில் விழுந்துகொண்டிருக்கிறது. ‘ஆன் ஆகவில்லை’ என்பது நோயின் பெயரே இல்லை என்று அதில் தெரிந்துகொண்டேன். யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எதுவரை வந்து நிற்கிறது?

பவர் பட்டனை அழுத்தியதும் உள்ளே எல்லாம் ஒரு வரிசையில் நடக்கிறது. முதலில், முதன்மைச் சுற்றுப் பலகையான மதர்போர்டுக்கு மின்சாரம் போகிறது. அடுத்து, பயாஸ் என்ற சிறிய மென்பொருள் விழித்துக்கொண்டு, ரேம் (வேலை நடக்கும்போது மட்டும் பயன்படும் நினைவகம்) இருக்கிறதா, திரை இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா என்று வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்க்கிறது. நிறுவனத்தின் சின்னம் திரையில் தெரிவது இந்த நேரத்தில்தான். பிறகு அது வட்டைத் தேடிப்பிடித்து, அதிலிருக்கும் விண்டோஸை எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அதன்பின் சுழலும் புள்ளிகள், கடைசியாகப் பாஸ்வேர்டு கேட்கும் பக்கம். இந்த வரிசையில் எந்த இடத்தில் நின்றது என்று தெரிந்துவிட்டால், அதற்கு முந்தைய எதையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. சின்னம் தெரிகிற கணினிக்குப் புதிய சார்ஜர் வாங்குவது, பெட்ரோல் தீர்ந்த வண்டிக்கு டயர் மாற்றுவது போன்றது.

இங்கே சொல்வதெல்லாம் விண்டோஸ் 10, 11 உள்ள கணினிகளுக்கு. ஆப்பிள் மேக்புக்குக்கு விசைகளும் வழிகளும் வேறு.

எதையும் தொடாமல் நிறுத்த வேண்டிய இரண்டு நேரங்கள்

காபியோ தண்ணீரோ கொட்டியிருந்தால் ‘வேலை செய்கிறதா’ என்று ஆன் செய்து பார்க்காதீர்கள். கணினியைக் கெடுப்பது தண்ணீரைவிட, ஈரத்தோடு உள்ளே பாயும் மின்சாரம்தான். சார்ஜரைப் பிடுங்குங்கள், பவர் பட்டனை அழுத்திப்பிடித்து அணையுங்கள், கழற்றக்கூடிய பேட்டரி என்றால் கழற்றுங்கள், விரித்துக் கவிழ்த்து வையுங்கள், நேராகக் கடைக்குக் கொண்டுபோங்கள். அரிசி மூட்டைக்குள் புதைப்பதால் எந்தப் பயனும் இல்லை. அரிசித் தூசி துளைகளுக்குள் போவதுதான் மிச்சம்.

இரண்டாவது, உப்பிய பேட்டரி. டச்பேட் மேலே தூக்கியிருக்கிறது, அடிமூடி வளைந்திருக்கிறது, மேசையில் வைத்தால் ஆடுகிறது என்றால் சார்ஜ் போடாதீர்கள். அமுக்கிப் பார்ப்பது, ஊசியால் குத்துவது கூடவே கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் வீட்டில் அணைப்பது மிகக் கடினம்.

ஒரு விளக்கும் எரியவில்லை, ஒரு சத்தமும் இல்லை

சுவரிலிருந்து தொடங்குங்கள். அதே பிளக் பாயின்டில் கைப்பேசி சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நம்பாதீர்கள். நேராகச் சுவரில் போடுங்கள். அடுத்து, சார்ஜரின் கறுப்புப் பெட்டிக்குள் சுவர்ப்பக்கத்து வயர் செருகும் இடம். அந்த வயர் தனியாகக் கழன்று வரும் என்பதே பலருக்குத் தெரியாது. பாதி வெளியே வந்து தொங்கிக்கொண்டிருக்கும். பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். அழுத்திச் செருகுங்கள். பெட்டியில் சிறு விளக்கு இருந்தால் அது எரிகிறதா என்று பாருங்கள். சுவரில் போட்டவுடன் எரிந்து, கணினியில் செருகியதும் அணைந்தால், குறை சார்ஜரிலோ கணினியின் உள்ளேயோ இருக்கிறது. வேறு சார்ஜரை மாட்டினால் எது என்று தெரிந்துவிடும்.

ஊரில் வோல்டேஜ் குறைவு, அதனால்தான் ஏறவில்லை என்று சிலர் சொல்வார்கள். மடிக்கணினிச் சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும்படி செய்யப்பட்டவை, பெட்டியிலேயே அச்சடித்திருக்கும். குறைவான வோல்டேஜால் அவற்றுக்குப் பெரிய ஆபத்து இல்லை. இடி மின்னலின்போது திடீரென்று எகிறும் மின்சாரம்தான் கொல்கிறது. மழைக்காலத்தில் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கி வைக்கிற பழக்கம் நல்லது.

இரவல் சார்ஜர் கிடைத்தால் வோல்ட் எண் ஒன்றாக இருக்க வேண்டும். வாட் எண் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். உருளை முனை உள்ள பழைய வகைகள் பெரும்பாலும் 19, 19.5 அல்லது 20 வோல்ட். மல்டிமீட்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் பக்கத்தில் இருந்தால் முனையில் அந்த அளவு வருகிறதா என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். டெல், ஹெச்பி கணினிகள் பலவற்றில் அந்த முனையின் நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். அது வளைந்தாலோ முறிந்தாலோ கணினி சார்ஜரை அடையாளம் காணாது; மின்சாரம் வந்தாலும் பேட்டரி ஏறாமல் போகும்.

டைப்-சி வகையில் குழப்பம் வேறு மாதிரி. கைப்பேசிச் சார்ஜரும் அதே துளையில் அழகாகப் பொருந்தும். ஆனால் சாதாரணக் கைப்பேசிச் சார்ஜர் 5 வோல்ட் கொடுக்கும். மடிக்கணினிக்குப் பெரும்பாலும் 20 வோல்ட் வேண்டும். 45 அல்லது 65 வாட் என்று போட்ட சார்ஜரும், அதைத் தாங்கும் கேபிளும் தேவை. கணினியில் இரண்டு டைப்-சி துளைகள் இருந்தால் இரண்டிலும் போட்டுப் பாருங்கள். எல்லாத் துளையும் சார்ஜ் வாங்காது.

இவ்வளவும் சரியாக இருந்தும் உயிர் வரவில்லையா? மின்சாரத்தை முழுமையாக வடித்துவிடும் வேலையைச் செய்யுங்கள்:

1. சார்ஜர், மவுஸ், பென் டிரைவ், நினைவக அட்டை என்று எல்லாவற்றையும் பிடுங்குங்கள்.
2. பேட்டரி வெளியே கழற்றக்கூடியது என்றால் கழற்றுங்கள்.
3. பவர் பட்டனை முழுதாக 30 விநாடி அழுத்திப்பிடியுங்கள். மனத்துக்குள் எண்ணுங்கள், அவசரக்காரர்களின் 30 விநாடி பெரும்பாலும் 12 விநாடிதான்.
4. கழற்றிய பேட்டரியை மாட்டாமல், சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். கணினி எழுந்தால் அணைத்துவிட்டுப் பேட்டரியை மாட்டுங்கள்.

இது மாந்திரீகம் போலத் தெரியும். காரணம் எளிது: மின்சாரம், பேட்டரி, பவர் பட்டன் ஆகியவற்றைக் கவனிக்கும் சிறிய சில்லு ஒன்று மதர்போர்டில் எப்போதும் பாதி விழிப்பில் இருக்கிறது. அது குழம்பிப்போனால் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் காதில் வாங்காது. எஞ்சிய மின்சாரத்தை வடித்தால் அது புதிதாகத் தொடங்கும். பேட்டரி உள்ளேயே இருக்கும் லெனோவோ திங்க்பேட் வகைகள் பலவற்றில் இதற்கென்றே அடிப்பக்கம் குண்டூசித் துளை ஒன்று வைத்திருக்கிறார்கள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, நேராக்கிய பேப்பர் கிளிப்பால் உள்ளே மெதுவாக அழுத்தினால் போதும்.

மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த கணினி என்றால் சார்ஜில் போட்டு அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். அடியோடு வடிந்த பேட்டரி உடனே கண்விழிக்காது. அதன்பிறகும் அசையவில்லை என்றால் சார்ஜர் செருகும் முனையோ மதர்போர்டோ பழுதாகியிருக்கிறது. அது வீட்டு வேலை அல்ல.

விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு

இங்கே முதலில் கண்டுபிடிக்க வேண்டியது: கணினி விழிக்கவில்லையா, விழித்தும் திரை காட்டவில்லையா?

கேப்ஸ் லாக் விசையை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உள்ளே உயிரோடு இருக்கிறது. இருட்டு அறையில் கைப்பேசி டார்ச்சைத் திரைக்கு அருகில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்தோ படமோ தெரிந்தால் திரைக்குப் பின்னால் ஒளி தரும் விளக்கோ அதன் கேபிளோ போயிருக்கிறது. எச்டிஎம்ஐ கேபிள் இருந்தால் வீட்டுத் தொலைக்காட்சியில் இணையுங்கள். அங்கே படம் வந்தால் கோப்புகள் பத்திரம். மாற்ற வேண்டியது திரையையோ கேபிளையோ மட்டும்.

விண்டோஸ் வரைக்கும் போய் அதற்குப்பின் கறுத்த திரை என்றால், விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கையும் சேர்த்து ஒருமுறை அழுத்துங்கள். ஒரு சின்ன ‘பீப்’ ஒலியோடு, திரையில் படம் காட்டும் மென்பொருளான கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். நான்கு விரல் பயிற்சி என்று சிரிக்க வேண்டாம், பலமுறை கைகொடுத்திருக்கிறது.

வேடிக்கையான காரணம் ஒன்றும் உண்டு. மூடியை மூடியதும் திரை அணைவது காந்தத்தால். காந்தம் பொருத்திய கைப்பேசி உறையையோ காந்தத்தால் பூட்டும் கடிகாரப் பட்டையையோ விசைப்பலகையின் ஓரத்தில் வைத்தால், மூடி மூடியிருப்பதாகக் கணினி நம்பிவிடும். ஒரு கணினியின்மேல் இன்னொன்றை அடுக்கி வைத்தாலும் இதே கூத்து நடக்கும்.

கேப்ஸ் லாக்கும் அசையவில்லை, விசிறி மட்டும் சுற்றுகிறது என்றால் என் முதல் சந்தேகம் ரேம் மீதுதான். சில கணினிகள் தாமே சொல்லிவிடும். டெல் கணினிகள் விளக்கைச் சிமிட்டிப் பேசும்: மஞ்சளில் இரண்டு, வெள்ளையில் மூன்று என்று திரும்பத் திரும்ப வந்தால் ரேம் கண்ணில் படவில்லை என்று பொருள். ஹெச்பியிலும் சிமிட்டல் மொழி உண்டு. சிமிட்டலைக் கைப்பேசியில் காணொளியாக எடுத்துக்கொண்டு, மாடல் எண்ணோடு நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் தேடினால் பொருள் கிடைக்கும். எண்ணுவதைவிட இது எளிது.

அடிமூடியைத் திறக்கத் துணிவு இருந்தால் ரேமைக் கழற்றி மாட்டலாம். உத்தரவாதக் காலம் முடியாத கணினி என்றால் வேண்டாம்; நிறுவனமே செய்யட்டும். மெலிந்த மாடல்கள் பலவற்றில் ரேம் மதர்போர்டோடு பற்றவைத்திருக்கும். திறப்பதற்கு முன் மாடல் எண்ணைப் போட்டு ஒரு காணொளி பார்த்துவிடுங்கள்.

திறக்கும்போது சார்ஜர் பிடுங்கியிருக்க வேண்டும். எந்தத் திருகாணி எந்தத் துளையில் இருந்தது என்பது முக்கியம். நான் ஒரு தாளில் கணினியின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொன்றையும் அந்தந்த இடத்தில் செல்லோடேப்பால் ஒட்டிவிடுவேன். நீளமான திருகாணியைக் குட்டைத் துளையில் முறுக்கி மதர்போர்டைக் குத்திய கதைகள் உண்டு. உள்ளே போனதும் முதல் வேலை பேட்டரியின் இணைப்பைக் கழற்றுவது. பிறகு ஏதாவது உலோகத்தைத் தொட்டுவிட்டு, ரேமின் இருபக்கக் கொக்கிகளையும் விலக்குங்கள். துண்டு தானே மேலே எழும். தங்க நிறப் பற்களை விரலால் தொடாதீர்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைப்பது சிறந்தது. பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்ப்பது கடைக்காரர்களின் வழக்கம். அதுவும் பலிக்கும், ஆனால் துகள்களைத் துப்புரவாகத் தட்டிவிட வேண்டும். சாய்வாகச் செருகி, கொக்கி ‘டக்’ என்று பிடிக்கும்வரை அமுக்குங்கள். இரண்டு துண்டுகள் இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டிச் சோதியுங்கள். ஒன்றோடு எழுந்து மற்றொன்றோடு எழவில்லை என்றால் குற்றவாளி பிடிபட்டுவிட்டது.

புதிய டிடிஆர்5 ரேம் உள்ள கணினி, ரேமை மாட்டியபின் முதல் முறை எழும்போது சில நிமிடங்கள் கறுப்புத் திரையோடு சும்மா இருக்கும். தன்னுடைய ரேமின் வேகத்தை அது பழகிக்கொள்கிறது. பயந்து அணைத்துவிடாதீர்கள்.

சின்னம் வருகிறது, அதற்குமேல் நகரவில்லை

செருகியிருக்கும் எல்லாவற்றையும் பிடுங்குங்கள். பிரிண்டர், வெளி ஹார்டு டிஸ்க், நினைவக அட்டை, வயர்லெஸ் மவுஸுக்காகச் செருகும் சின்னத் துண்டுகூட. அக்கா மகள் கதை இந்த இடத்தில்தான் நடந்தது.

அது உதவவில்லை என்றால் பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். ஆன் செய்தவுடன் தொடர்ந்து தட்ட வேண்டிய விசை டெல், ஏசர், அசூஸ் கணினிகளில் எஃப்2, ஹெச்பியில் எஃப்10, லெனோவோவில் மாடலைப் பொறுத்து எஃப்1 அல்லது எஃப்2. உள்ளே ஒரே ஒரு விஷயத்தைத் தேடுங்கள்: வட்டின் பெயர் பட்டியலில் இருக்கிறதா? இருந்தால், வட்டு உயிரோடு இருக்கிறது. சிக்கல் அநேகமாக விண்டோஸில். இல்லையென்றால் வட்டு போயிருக்கிறது அல்லது கழன்றிருக்கிறது. எம்.2 வகை எஸ்எஸ்டியை ஒற்றைத் திருகாணிதான் பிடித்திருக்கும். கணினி கீழே விழுந்த பிறகு இந்தச் சிக்கல் வந்தது என்றால் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கிலிருந்து ‘டிக், டிக்’ என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் அந்தக் கணமே அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கோப்புகள் தப்பிக்கும் வாய்ப்பு குறைகிறது.

பயாஸில் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால், மதர்போர்டில் இருக்கும் 3 வோல்ட் பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கிறது. சிஆர்2032 என்ற அதே வகை சுவர்க்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். மடிக்கணினிகள் சிலவற்றில் அது வயரோடு வரும் என்பதைக் கவனித்து வாங்குங்கள். அந்தப் பேட்டரி தீரும்போது அமைப்புகள் மாறி, வட்டை அணுகும் முறையும் மாறிப்போகலாம். அப்படி மாறினால் வட்டு நன்றாக இருந்தும் விண்டோஸ், பிழையை அறிவிக்கும் நீலத்திரை காட்டி நிற்கும். இதனால்தான் பயாஸில் தெரியாத எதையும் மாற்றாதீர்கள் என்று சொல்கிறேன். மாற்ற நேர்ந்தால் மாற்றுவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனங்கள் தங்கள் கணினிக்குள்ளேயே பரிசோதனை நிரல் வைத்திருக்கின்றன. ஆன் செய்யும்போது டெல்லில் எஃப்12 தட்டி ‘டயக்னாஸ்டிக்ஸ்’ என்பதைத் தேர்வுசெய்யலாம். ஹெச்பியில் எஸ்கேப், பிறகு எஃப்2. ரேமையும் வட்டையும் அது தானே சோதித்து எண் ஒன்றைக் கொடுக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் அதைச் சொன்னால் அவர் பேச்சே மாறும்.

புள்ளிகள் சுழல்கின்றன, நீலத்திரை வருகிறது

இந்த இடத்துக்கு வந்துவிட்டால் ஒரு விதத்தில் நிம்மதி. இயந்திரம் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது, நோய் மென்பொருளில்.

2024 ஜூலை 19 அன்று உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் ஒரே நாளில் நீலத்திரையில் மாட்டிக்கொண்டன. விமானங்கள் நின்றன, நம் நாட்டிலும் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பிழையான கோப்புதான் காரணம். அந்தக் கணினிகளில் எதற்கும் புதிய உதிரிபாகம் தேவைப்படவில்லை. மிகத் தேவையானவற்றை மட்டும் ஏற்றி விண்டோஸை எழுப்பும் சேஃப் மோடில் போய் அந்த ஒரு கோப்பை அழித்ததும் எழுந்துவிட்டன. ஒவ்வொரு கணினியின் முன்னாலும் ஓர் ஆள் போய் உட்கார வேண்டியிருந்ததுதான் சிரமம். வீட்டுக் கணினிக்கும் வழி அதேதான்.

முதலில் பொறுமை. ‘அப்டேட்’ என்ற சொல்லும் விழுக்காடும் திரையில் இருந்தால் அணைக்காதீர்கள். 30 விழுக்காட்டில் ஒரு மணி நேரம் நிற்பது பழைய ஹார்டு டிஸ்க்கில் சாதாரணம். சார்ஜரைச் செருகிவிட்டுத் தூங்கப் போங்கள். காலையிலும் அதே எண் இருந்தால் பிறகு அணைக்கலாம்.

நீலத்திரை வந்தால் படம் எடுங்கள். அதில் பெரிய எழுத்தில் ஒரு காரணம் எழுதியிருக்கும். ‘இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்’ என்றால் வட்டை அணுக முடியவில்லை என்பதுபோல.

பிறகு மீட்புப் பக்கத்துக்குள் போக வேண்டும். சின்னம் தோன்றிப் புள்ளிகள் சுழலத் தொடங்கியதும் பவர் பட்டனை அழுத்திப்பிடித்து அணையுங்கள். இரண்டு முறை இப்படிச் செய்துவிட்டு மூன்றாம் முறை தானாகப் போக விடுங்கள். ‘பிரிப்பேரிங் ஆட்டோமேட்டிக் ரிப்பேர்’ என்று வரும். அதில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’, அடுத்து ‘டிரபிள்ஷூட்’, மறுபடி ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’. இங்கே வரும் பெட்டிகளை நான் தொடும் வரிசை இது:

1. ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’. ஒருமுறை ஓடவிடுங்கள். பலிக்கவில்லை என்றால் திரும்பத் திரும்ப ஓட்டிப் பயனில்லை.
2. ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’. நேற்றுவரை நன்றாக இருந்தது, இரவு அப்டேட் வந்தது, காலையில் எழவில்லை என்றால் இதையே முதலில் செய்யலாம். கடைசியாக வந்த ‘குவாலிட்டி அப்டேட்’டை நீக்குங்கள்.
3. ‘சிஸ்டம் ரீஸ்டோர்’. பழைய நாள் ஒன்றுக்குத் திரும்புவது. உங்கள் படங்களையும் ஆவணங்களையும் இது தொடாது. அந்த நாளுக்குப்பின் நிறுவிய மென்பொருள்கள் போகும். இந்த வசதி முன்பே இயங்கியிருந்தால்தான் தேதிகள் தெரியும்.
4. ‘ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்’. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்ததும் எண்ணிட்ட பட்டியல் வரும். 4 அழுத்தினால் சேஃப் மோடு, 5 அழுத்தினால் இணையத்தோடு சேஃப் மோடு. அதில் கணினி எழுந்தால் கடைசியாக நிறுவிய மென்பொருளையோ டிரைவரையோ நீக்குங்கள். வழக்கமான பின் எண்ணைச் சேஃப் மோடு சிலசமயம் ஏற்காது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் முழுப் பாஸ்வேர்டு கையில் இருக்கட்டும்.

அதே பக்கத்தில் ‘கமாண்ட் பிராம்ப்ட்’ என்ற கறுப்புப் பெட்டியும் இருக்கும். எங்கோ கிடைத்த கட்டளைகளைப் புரியாமல் அதில் தட்டாதீர்கள். ஓர் எழுத்து மாறினால் வேறு பகுதியே அழிந்துவிடும்.

நடுவில் நீலப் பின்னணியில் 48 இலக்கச் சாவி கேட்கலாம். இது வைரஸும் அல்ல, மோசடியும் அல்ல. விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் வட்டு பூட்டப்பட்டிருக்கிறது. புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் உங்களைக் கேட்காமலேயே இது இயங்கியிருக்கும். பயாஸில் கைவைத்தாலோ மதர்போர்டை மாற்றினாலோ சாவி கேட்கும். வேறு கணினியிலோ கைப்பேசியிலோ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் பார்த்தால் அந்தச் சாவி இருக்கும். கணினி வாங்கிய கடையில் யாரோ தங்கள் மின்னஞ்சலால் கணக்குத் தொடங்கிக் கொடுத்திருந்தால் சாவியும் அவர்களிடம்தான். சாவி கிடைக்காவிட்டால் கோப்புகளை யாராலும் மீட்க முடியாது. ‘நான் எடுத்துத் தருகிறேன்’ என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். கணினி நன்றாக இருக்கும் இன்றே அந்த 48 எண்களைத் தாளில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் பையில் வைத்துவிடுங்கள்.

கோப்புகள் முதலில், விண்டோஸ் பிறகு

மேலே சொன்ன நான்கும் தோற்றால் விண்டோஸைப் புதிதாக ஏற்றத்தான் வேண்டும். அதற்குமுன் கோப்புகளை வெளியே எடுங்கள். உள்ளே இருப்பது பெண்ணின் கல்யாணப் படங்களாக இருக்கலாம், ஐந்து ஆண்டுக் கணக்கு வழக்காக இருக்கலாம். கணினியை மறுபடி வாங்கலாம்.

இரண்டு வழிகள். ஒன்று, வட்டைக் கழற்றி அதற்கான உறையில் போட்டு யுஎஸ்பி வழியாக இன்னொரு கணினியில் இணைப்பது. பழைய 2.5 அங்குல வட்டுக்கு ஓர் உறை, எம்.2 வகைக்கு வேறு உறை; எம்.2-விலும் சாட்டா, என்விஎம்இ என இரண்டு சாதிகள் உண்டு. வட்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள். சென்னைக்காரர்களுக்கு இதற்கு ரிச்சி தெரு இருக்கிறது. மற்ற ஊர்களில் ஏதாவது கணினிக் கடையில் கிடைக்கும்.

இரண்டாவது வழிக்கு எதையும் கழற்ற வேண்டாம். நண்பரின் கணினியில் 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டை (விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தின் இலவச வகைகள்) எழுதிக்கொள்ளுங்கள். ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் அதைச் செய்யும். பென் டிரைவில் இருந்ததெல்லாம் அழியும், அதனால் காலியானதை எடுங்கள். அதைச் செருகி, பூட் மெனுவைத் திறக்கும் விசையைத் தட்டுங்கள்: டெல், லெனோவோவில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, அசூஸில் எஸ்கேப். பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். உபுண்டு என்றால் ‘டிரை’ என்பதை மட்டும் அழுத்துங்கள்; மின்ட் அதைக் கேட்காமல் நேராக எழும். ‘இன்ஸ்டால்’ பக்கம் போகாதீர்கள். வட்டைத் தொடாமலேயே லினக்ஸ் எழுந்துவிடும். கோப்பு மேலாளரைத் திறந்து, உங்கள் பெயரிலுள்ள கோப்புறையிலிருந்து வெளி வட்டுக்கு நகலெடுங்கள். பிட்லாக்கர் பூட்டியிருந்தால் இங்கேயும் சாவி கேட்கும். லினக்ஸ் என்றதும் மிரள வேண்டாம். 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்தில் பாஸ் (BOSS) என்ற இந்திய லினக்ஸும் இருந்தது. அன்றைய பிளஸ் டூ பிள்ளைகள் அதில் விளையாடிப் பார்த்தவர்கள்தான்.

கோப்புகள் பத்திரமான பிறகு மீட்புப் பக்கத்தில் ‘ரீசெட் திஸ் பிசி’ இருக்கிறது. ‘கீப் மை ஃபைல்ஸ்’ என்று தேர்வுசெய்தாலும் மென்பொருள்கள் எல்லாம் போகும். அதுவும் பாதியில் நின்றால், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸை இன்னொரு பென் டிரைவில் இறக்கிப் புதிதாக ஏற்றலாம். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், கணினி தாங்குமானால் 11-ஐப் போடுங்கள்.

கடைக்குப் போகும்போது

‘ஆன் ஆகவில்லை’ என்று மட்டும் சொல்லி மேசைமேல் வைக்காதீர்கள். எதுவரை வருகிறது, எந்தச் சிமிட்டல், எந்த எண், என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ‘என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது’ என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வட்டைக் கழற்றத் தெரிந்தால் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போவது இன்னும் நல்லது. மின்சாரக் கோளாறைப் பார்க்க உங்கள் படங்கள் அவருக்குத் தேவையில்லை.

‘மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும்’ என்று சொன்னால் சிப் லெவல் சர்வீஸ் செய்பவர் ஒருவரிடமும் கேட்டுப் பாருங்கள். போர்டில் கெட்டது சிறு உதிரிபாகம் ஒன்றாக இருக்கலாம். அதை மட்டும் மாற்றுவார்கள். எங்கள் தெருவில் ஒரு தையல்காரரின் கணினிக்கு முழு போர்டையும் மாற்றச் சொல்லியிருந்தார்கள். போயிருந்தது சார்ஜர் செருகும் முனை மட்டுமே. எல்லா முறையும் இப்படி அதிர்ஷ்டம் அடிக்காது, போர்டு நிஜமாகவே போவதும் உண்டு.

கொடுக்கும்போது ரேம் எத்தனை ஜிபி, வட்டு எத்தனை ஜிபி, கணினியின் சீரியல் எண் என்ன என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கும்போது கடையிலேயே ஆன் செய்து, விண்டோஸ் விசையோடு பாஸ் (Pause) விசையை அழுத்துங்கள். ரேம் அளவு திரையில் வரும். தாளில் இருப்பதோடு ஒத்துப்பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.